ரெண்டு வருஷமா ஒருத்தருக்கும் வாய் வரலையா?

"தம்பி, இது யாரைச் சொல்றாங்க?"

போன மாதம், கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை. மெயிலைத் திறந்து வைத்துக்கொண்டு அண்ணன் என்னிடம் கேட்டார். தனிநபர் சுகாதாரம் என்று தலைப்பு போட்டு ஹெச்.ஆர். எல்லோருக்கும் பொதுவாக அனுப்பியிருந்த மெயில். தினமும் குளியுங்கள், துவைத்த சட்டை அணியுங்கள், பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவு தராதீர்கள். 40 பேருக்குப் போன மெயில். அது யாருக்காக எழுதப்பட்டது என்று 39 பேருக்குத் தெரியும். மிச்சமிருந்த ஒருத்தர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"சும்மா பொதுவா போட்டிருக்காங்கண்ணே."

இதைத்தான் சொன்னேன். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாற்றம் இருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் ஆபீஸ். எனக்குப் பக்கத்து சீட் அவர். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் அந்தப் பக்கம் திரும்பி மூச்சு விட முடியாது. தலை வலிக்கும். சாப்பிட்டது எதுக்களிக்கும். இதை அனுபவிக்காதவர்கள் 'இதெல்லாம் ஒரு விஷயமா, சகிச்சுக்க வேண்டியதுதானே' என்று சொல்லலாம். எட்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுச் சொல்லுங்கள். ஹாலில் ஜன்னல்கள் மொத்தமும் அடைத்துவிட்டார்கள். ஸ்ப்ளிட் ஏ.சி. உள்ளே இருக்கிற காற்றையேதான் இழுத்துக் குளிராக்கித் திரும்ப விடும், வெளிக்காற்றைக் கொண்டுவராது. ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போடச் சொல்லி ரெண்டு தடவை எழுதிக் கொடுத்தோம். வரவில்லை.

எனக்குக் கோபம் நாற்றத்தின் மேல் இல்லை. அந்த ரெண்டு வருஷம் எங்கள் ஆபீஸ் நடந்துகொண்ட விதத்தின் மேல்.

அவர் எழுந்து போனதும் ரூம் ஸ்ப்ரே அடிப்பார்கள். அவர் திரும்பி வரும்போது அந்த மல்லிகை வாசனை ஹாலில் நிற்கும். 'யாரு பூ வாங்கிட்டு வந்தது?' என்று சிரித்துக்கொண்டே கேட்பார். லிஃப்டில் அவர் ஏறினால் மற்றவர்களுக்குத் திடீரென்று போன் வரும், வெளியே இறங்கிவிடுவார்கள். மீட்டிங்கில் அவருக்குப் பக்கத்து நாற்காலி எப்போதும் காலி. அவர் இல்லாத ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது, அதில் அவருக்கு ஒரு பட்டப்பெயரும் இருக்கிறது. அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. 'இன்னிக்கு கப்பு தாங்கல' என்று காலை பத்து மணிக்கே ஒருத்தர் போடுவார், பத்துப் பேர் சிரிக்கிற பொம்மை போடுவார்கள்.

டிசம்பரில் கிறிஸ் மா, கிறிஸ் சைல்ட் விளையாடினோம். சீட்டுக் குலுக்கி யாருக்கு யார் பரிசு தருவது என்று முடிவு செய்வோமே, அதுதான். அண்ணனுக்கு வந்தது மூன்று பாடி ஸ்ப்ரே. எல்லோர் முன்னாலும் பிரிக்கச் சொன்னார்கள். பிரித்தார். கைதட்டினார்கள். பின்வரிசையில் நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். அவருக்கு அது புரியவில்லை. 'நல்ல கம்பெனி சரக்கு, காலேஜ் போற பையனுக்கு ஆகும்' என்று சந்தோஷமாகப் பையில் வைத்துக்கொண்டார். மூன்றையும் மகனுக்குக் கொடுத்துவிட்டார். அவர் நம்மையெல்லாம் நல்லவர்கள் என்று நம்பியிருக்கிறார். அன்றைக்கு நானும் கைதட்டினேன்.

இதையெல்லாம் செய்துவிட்டு, 'நேரா சொன்னா மனசு கஷ்டப்படும்ல' என்கிறார்கள். அடப்பாவிகளா! மனசு கஷ்டப்படும் என்று நினைக்கிறவன் குரூப்பில் பட்டப்பெயர் வைப்பானா?

இன்னொன்று இருக்கிறது. என்னால் மன்னிக்கவே முடியாதது இதுதான். 'அவர் எந்தப் பக்கம்? ஊர்ல எங்க இருக்காங்க?' என்று ஒருத்தர் என்னிடம் சாவகாசமாக விசாரித்தார். பதிலைக் கேட்டுவிட்டு, 'அதான பார்த்தேன், அவங்க வீட்ல சாப்பிடுறது அப்படி' என்றார். படித்தவர். பெரிய சம்பளம் வாங்குகிறவர். ஒரு மனிதனின் சட்டையில் வேர்வை வாடை வந்தால் இவருக்கு உடனே தெருவும் சாதியும் சாப்பாடும் ஞாபகத்துக்கு வருகிறது. காலம் காலமாக இந்த ஊரில் ஒரு கூட்டத்தை ஒதுக்கி வைக்கச் சொன்ன காரணமே இதுதானே, 'அவங்க சுத்தமில்லை'. அதையே ஏ.சி. ஹாலில் மெதுவான குரலில் சொன்னால் நாகரிகம் ஆகிவிடுமா? அன்றைக்கு அவரோடு பேச்சை நிறுத்தினவன்தான் நான். இன்னும் பேசவில்லை.

சரி, வேர்வை ஏன் நாறுகிறது என்று இவர்களில் ஒருத்தராவது யோசித்தார்களா? நான் போய்ப் படித்துப் பார்த்தேன். வேர்வைக்கென்று பெரிதாக வாடை கிடையாது, பெரும்பகுதி வெறும் தண்ணீர். அக்குளில் இருக்கிற சில சுரப்பிகள் கொஞ்சம் கெட்டியாக, கொழுப்பும் புரதமும் கலந்து சுரக்கின்றன. தோலில் இருக்கிற பாக்டீரியா அதை உடைக்கும்போதுதான் அந்த நெடி கிளம்புகிறது. அந்தப் பாக்டீரியா எல்லோர் தோலிலும் இருக்கிறது. காரில் வருகிறவருக்கும் இருக்கிறது.

துணியிலும் விஷயம் இருக்கிறது. பருத்தி வேர்வையை உறிஞ்சிக்கொள்ளும். பாலியஸ்டர் உறிஞ்சாது, ஆனால் உடம்பின் எண்ணெய்ப் பசையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் பாலியஸ்டர் சட்டை துவைத்துக் காயவைத்த பிறகும், போட்டுக்கொண்டு உடம்பு சூடானதும் பழைய வாடையைத் திரும்பக் கொடுக்கிறது. எங்கள் கம்பெனி யூனிஃபார்ம் என்ன துணி? பாலியஸ்டர். வருஷத்துக்கு எத்தனை? 2. வாரத்துக்கு எத்தனை நாள் வேலை? 6.

அண்ணன் திருவள்ளூர் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து வருகிறார். ஸ்டேஷன் வரைக்கும் சைக்கிள். அப்புறம் பட்டரவாக்கம் வரைக்கும் மின்சார ரயிலில் நெரிசலில் நின்றுகொண்டு வர வேண்டும். அங்கிருந்து எஸ்டேட்டுக்குள் நடை. அந்த நேரத்திலேயே சட்டை முதுகோடு ஒட்டிப்போகும். சென்னைக் காற்றில் ஈரம் அதிகம், வேர்த்தால் சீக்கிரம் காயாது. ராத்திரி எட்டரைக்கு வீடு போய்ச் சட்டையை அலசி வீட்டுக்குள்ளே கொடியில் போடுகிறார், ஏனென்றால் விடிவதற்குள் அது காய வேண்டும். வெயிலே படாமல் காய்ந்த துணியில் ஒரு முடை வாடை வரும், அது எல்லோருக்கும் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம். அதோடு சர்க்கரைக்காகத் தினமும் காலையில் ஊறவைத்த வெந்தயம் சாப்பிடுகிறார். வெந்தயம் வேர்வையில் தன் வாடையைக் காட்டும். வீட்டில் வெந்தயக் கஞ்சி குடித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அந்த மனிதர் காலையும் ராத்திரியும் ரெண்டு வேளை குளிக்கிறார். அவருக்கு 'தினமும் குளியுங்கள்' என்று மெயில்.

'அவருக்கே தெரியாதா?' என்று கேட்கிறவர்களுக்கும் பதில் சொல்கிறேன். தெரியாது. மூக்கு தன்னோடே இருக்கிற வாடையைக் கொஞ்ச நேரத்தில் பதிவு செய்வதை நிறுத்திவிடும். பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து உங்கள் வீட்டைத் திறக்கும்போது ஒரு வாடை வருமே, அது தினமும் இருக்கிற வாடைதான். அஞ்சு நிமிஷத்தில் மறுபடி தெரியாமல் போய்விடும். அதனால் இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனிதனால் தானாகத் தெரிந்துகொள்ள முடியாது. பக்கத்தில் இருக்கிறவன்தான் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருந்தவன் நான்.

மெயில் வந்த மூன்றாம் நாள் சொன்னேன். சாயங்காலம், கேட்டுக்கு வெளியே டீக்கடையில். எஸ்டேட் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. எனக்குக் கையெல்லாம் நடுங்கியது. அவருக்கு 52 வயது, எனக்கு 31. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு ஸ்டாக் கணக்கு பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்காதீங்க. மத்தியானத்துக்கு மேல உங்க சட்டைல வேர்வை வாடை அடிக்குதுண்ணே. எனக்கு இப்படி இருந்தா நீங்க சொல்வீங்கன்னு நெனச்சுதான் சொல்றேன். அந்த மெயில்கூட... அன்னிக்கு நான் பொய் சொல்லிட்டேன்."

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். சட்டைக் காலரை இழுத்து ஒரு தடவை மோந்து பார்த்தார். எதுவும் தெரியவில்லை போல, இன்னொரு தடவையும் மோந்து பார்த்தார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை எனக்கு.

"எத்தனை நாளா தம்பி?"

அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான். நாறுகிறதா, நிஜமா, யார் சொன்னார்கள், எதுவும் கேட்கவில்லை. எத்தனை நாளா. 'கொஞ்ச நாளா' என்று சொல்லத்தான் வாய் வந்தது. இன்னொரு பொய் வேண்டாம் என்று உண்மையைச் சொன்னேன். ரெண்டு வருஷம் என்றதும் அவர் ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கொஞ்சம் கழித்து, "அப்ப அந்த ஸ்ப்ரே டப்பா..." என்றார். முடிக்கவில்லை. டீக்கு அவரே காசு கொடுத்துவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்துவிட்டார்.

மொத்தம் நாலு நிமிஷம் ஆகியிருக்கும். 40 பேர் இருக்கிற ஆபீஸில் இந்த நாலு நிமிஷத்தை ஒதுக்க ரெண்டு வருஷமாக ஒருத்தருக்கும் மனசு வரவில்லை, என்னையும் சேர்த்து. முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தால் அவருக்கு ஒரு நாள் வெட்கத்தோடு போயிருக்கும். இப்போது ரெண்டு வருஷத்தின் ஒவ்வொரு நாளையும் அவர் திரும்ப நினைத்துப் பார்க்கிறார். லிஃப்டில் இறங்கினவர்கள், காலியாக இருந்த நாற்காலி, மல்லிகை வாசனை, கைதட்டல். ஒவ்வொன்றுக்கும் இப்போதுதான் அவருக்கு அர்த்தம் தெரிகிறது. சொன்னதால் வந்த வலி இல்லை இது. சொல்லாமல் விட்டதால் சேர்ந்த வலி.

மறுநாள் லீவு. அதற்கடுத்த நாள் பையில் மாற்றுச் சட்டையோடு வந்தார். வந்ததும் பாத்ரூமில் துடைத்துக்கொண்டு சட்டை மாற்றுகிறார். உள்ளே காட்டன் பனியன். முடிவெட்டும் கடையில் ஷேவிங்குக்கு அப்புறம் தேய்ப்பார்களே படிகாரக் கல், அதை ஈரக் கையால் அக்குளில் தேய்க்கச் சொல்லி அவருடைய அண்ணி சொன்னாராம். அதுவும் அலுமினியம் கலந்த உப்புதான். வேர்வையை அடக்க விற்கிற ரோல்-ஆன்களில் இருப்பதும் அலுமினிய உப்புதான். இப்போது வாடை இல்லை என்றே சொல்லலாம். 'பரவாயில்லையே, யாரு பூனைக்கு மணி கட்டினது?' என்று குரூப்பில் கேட்டார்கள். அன்றைக்கு அந்தக் குரூப்பை விட்டு வெளியே வந்தேன்.

ஆனால் அண்ணன் இப்போது எங்களோடு சாப்பிட வருவதில்லை. ஒரு மணி ஆனதும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு குடோன் பக்கம் போய்விடுகிறார். கூப்பிட்டால், 'நீங்க சாப்பிடுங்க தம்பி' என்கிறார். நேற்று நானும் என் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போய் உட்கார்ந்தேன். ஒன்றும் பேசவில்லை. கத்திரிக்காய்க் குழம்பில் கொஞ்சம் எடுத்து என் மூடியில் வைத்தார்.

யூனிஃபார்மைக் காட்டனில் கொடுங்கள், குறைந்தது நாலாவது கொடுங்கள், வந்ததும் சட்டை மாற்ற ஒரு இடம் ஒதுக்குங்கள் என்று எழுதி ஏழு பேரிடம் கையெழுத்து வாங்கி ஹெச்.ஆரிடம் கொடுத்தேன். சுகாதாரம் பற்றி 40 பேருக்கு மெயில் போடத் தெரிந்தவர்கள் இதற்கு ஒரு வரி பதில் போடவில்லை. இந்த வருஷத்து யூனிஃபார்ம் போன வாரம் வந்துவிட்டது. ஆளுக்கு 2. துணியைத் தொட்டுப் பார்த்தேன். அதே பாலியஸ்டர். இன்றைக்கு மறுபடியும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை ஏழாவது கையெழுத்துக்குக் கீழே எட்டாவதாக அண்ணனும் போட்டிருக்கிறார்.