முன்சுவரைப் பார்த்தால் தாமதம்தான்
எதிராளியின் அடியைக் கணிப்பது பற்றிய கட்டுரை "பந்து முன்சுவரில் படும் இடத்தைக் கவனித்தால் போதும்" என்று சொல்வது, சுவர்களுக்குள் மட்டையால் பந்தை முன்சுவரில் அடித்து ஆடும் ராக்கெட்பாலுக்குப் பொருந்தாது. கோர்ட்டின் நீளம் 40 அடி. எதிராளி பின்னாலிருந்து அடிக்கும்போது பந்து சுவரைத் தொடும்வரை காத்திருந்தால் பாதி நேரம் போய்விடும். சர்வைத் திருப்பி அடிப்பவருக்கான விட்டுவிட்டுப் போட்ட கோட்டுக்குச் சற்றுப் பின்னால் நின்று, தோளுக்கு மேலாகத் திரும்பி (பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்) மட்டை பந்தைத் தொடும் உயரத்தைப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே என்றால் கில் (முன்சுவரின் அடியில் பட்டு எடுக்க முடியாதபடி போகும் அடி) அல்லது தாழ்வான பாஸ் (உங்களைத் தாண்டிப் பின்னால் போகும் அடி). தோள் உயரம் என்றால் பெரும்பாலும் சீலிங் பந்து, அதாவது மேற்கூரையில் படும்படி அடிப்பது. முன்காலைத் தாண்டி முன்னாலேயே தொட்டால் பந்து குறுக்கே போகும், பந்தை இன்னும் பின்னால் வரவிட்டுத் தொட்டால் பக்கச்சுவரை ஒட்டி நேராக வரும். மட்டை இறங்கத் தொடங்கும்போது இரு காலிலும் ஒரு சிறு குதி போதும். அதற்கு முன்பே ஒரு பக்கம் சாய்ந்தால் தேர்ந்த ஆட்டக்காரர் மறுபக்கம் அடித்துவிடுவார். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் சொன்ன, தனியாகச் சுவரில் அடிக்கும் பயிற்சி கை வேகத்துக்கு நல்லதுதான், ஆனால் அடியைக் கணிக்க, பார்த்துப் படிப்பதற்கு எதிராளியின் உடல் அங்கே இல்லையே.