பர்மாத் தேக்கு அலமாரி

(செட்டிநாட்டுக் கானாடுகாத்தான். வீட்டின் நடுமுற்றமான வளவை ஒட்டிய ஓர் அறையின் வாசல்.)

மெய்யப்பன்: கருப்பையா அண்ணே, அப்பத்தாவின் அலமாரியில் இருக்கும் வெளிநாட்டுச் சாமான்களை இன்றே சென்னைக்கு எடுத்துப் போகலாம் என்று வந்திருக்கிறேன். எல்லாம் பத்திரமாகத்தானே இருக்கின்றன?

கருப்பையா: பத்திரத்துக்கு என்ன குறை, தம்பி? அலமாரிக்கு ஒரு பூட்டு, அறைக்கு ஒரு பூட்டு, முகப்புக் கதவுக்கு ஒரு பூட்டு. தெரியாத்தனமாக ஒரு திருடன் வந்து அவற்றை எடுத்துப் போனால் அவனுக்கு வழிச்செலவுக்கும் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

மெய்யப்பன்: விளையாடாதீர்கள். வெள்ளை வெளேரென்று, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

கருப்பையா: அடுக்கு இன்னும் குலையவில்லை. ஆனால் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே ஓரம் பொரிந்து உதிர்ந்துவிடுகிறது.

மெய்யப்பன்: ஐயோ, ஓரம் உதிர்ந்தால் விலை போகாதே!

கருப்பையா: இதற்கு விலை வேறு உண்டா? பழைய பேப்பர் வாங்குகிறவரிடம் கேட்டேன். கையில் காசு கொடுத்தாலும் எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை வேகமாக மிதித்தார்.

மெய்யப்பன்: அவருக்கு அருமை தெரியாது. அந்தக் காலத்தில் சுவீடனில் இருந்து கப்பலில் வந்தவை. திருப்பிப் பார்த்தால் அடியில் முத்திரை இருக்கும்.

கருப்பையா: இருக்கிறது, தம்பி. மேல்நோக்கி ஓர் அம்புக்குறி, பக்கத்தில் ஒரு குடை, அதற்கும் பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளர்.

மெய்யப்பன்: சுவீடன்காரர்கள் எதற்காகக் குடை போட்டார்கள்?

கருப்பையா: அங்கேயும் மழை பெய்யுமல்லவா?

மெய்யப்பன்: சரி, போகட்டும். அவற்றில்தான் அப்பத்தா சீயமும் வெள்ளைப் பணியாரமும் வைத்துக் கொடுப்பாராம். அதனால்தான் என் வீட்டுக்காரிக்கு அவற்றின் மேல் அவ்வளவு ஆசை.

கருப்பையா: இவற்றிலா? சீயத்தில் வெள்ளை வெள்ளையாக உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருக்குமே, அதையுமா தின்றீர்கள்?

(அலமாரி திறக்கிறது. மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை அட்டைப்பெட்டிகள், பெட்டிகளுக்குள் தெர்மாக்கோல்.)

மெய்யப்பன்: என்ன இது?

கருப்பையா: நீங்கள் கேட்ட வெளிநாட்டுச் சாமான். இது உங்கள் சித்தப்பா சிங்கப்பூரில் இருந்து கொண்டுவந்த டேப் ரெக்கார்டரின் பெட்டி. ரெக்கார்டர் எப்போதோ போய்விட்டது. இது உங்கள் அப்பாவின் டிவிப் பெட்டி. அந்த டிவியும் போய், அதற்கு அடுத்த டிவியும் போய்விட்டது. அடுத்ததன் பெட்டி கீழ்த்தட்டில் இருக்கிறது. இந்த மிக்ஸிப் பெட்டி உங்களுடையது. தெர்மாக்கோலில் ஒரு விள்ளல்கூடக் குறையக்கூடாது என்று நீங்கள்தான் சொல்லிவிட்டுப் போனீர்கள்.

மெய்யப்பன்: வீடு மாற்றும்போது தேவைப்படும் என்று...

கருப்பையா: இந்த வீட்டையா, தம்பி, மாற்றப் போகிறீர்கள்?

(எழுதுகிறவன் இங்கே குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். உத்தரவாதச் சீட்டே மங்கிப்போன பின்னும் பெட்டியைப் பரணில் காத்துவரும் வீடுகளை நான் கண்டிருக்கிறேன். காரணம் கேட்டால் எல்லாரும் வீடு மாற்றுவதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். மூன்று தலைமுறையாக நகராத சொந்த வீட்டுக்காரர்களும் அதையேதான் சொல்கிறார்கள்.)

மெய்யப்பன்: பெட்டிகளை விடுங்கள், அண்ணே. நான் கேட்டது மங்குச் சாமான்களை, எனாமல் பூசிய பாத்திரங்களை. அப்பத்தாவின் கல்யாணத்தில் பரப்பி வைத்த மங்குத் தட்டுகள், மங்குக் கிண்ணங்கள், மூடி போட்ட தூக்குகள்.

கருப்பையா: அவையா? அவை இருந்த இடத்தில்தானே இவை இருக்கின்றன. பெட்டிகளை வைக்க இடம் போதவில்லை என்று உங்கள் சித்தப்பாதான் மங்கை எல்லாம் எடைக்குப் போட்டுவிட்டார்.

மெய்யப்பன்: எடைக்கா!

கருப்பையா: மிக்ஸிப் பெட்டி உள்ளே போகவில்லை என்று கடைசித் தூக்குச்சட்டியையும் எடுத்துக் கொடுத்தார். உங்கள் மிக்ஸிப் பெட்டிதான்.

மெய்யப்பன்: ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே!

கருப்பையா: உங்கள் ஐயா 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்தபோது நிலத்தையும் வட்டிக்கடையையும் அங்கேயே விட்டுவிட்டுக் கட்டிய வேட்டியோடு வந்து சேர்ந்தவர். அவருடைய பேரனுக்கு ஓர் அட்டைப்பெட்டியை விட மனம் வரவில்லை. இதில் யாரை, என்னவென்று கேட்பது?

மெய்யப்பன்: ... அந்த மங்கெல்லாம் இப்போது எங்கே இருக்கும்?

கருப்பையா: காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு கடையில், வெளியே கண்ணில் படுகிற மாதிரி அடுக்கியிருக்கிறார்கள். போன வாரம்கூடப் பார்த்தேன்.

மெய்யப்பன்: அவை எங்கள் வீட்டுச் சாமான்கள் என்பதற்கு அப்பத்தாவின் கல்யாணச் சீர்ப் பட்டியல், அந்த முறைச்சிட்டை இருக்கிறது. ஒவ்வொன்றும் அதில் எழுதியிருக்கிறது. அதைக் கொண்டுபோய்க் காட்டுகிறேன்.

கருப்பையா: தாராளமாகக் காட்டுங்கள். சிட்டைக்கும் ஒரு விலை போட்டு வாங்கிக்கொள்வார்கள்.