சட்டம் புதுசு, சுவிட்ச் யார் கையில்?

1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்துக்கு விடை கொடுக்கிறோம் என்று பெருமையாகச் சொல்லித்தான் தொலைத்தொடர்புச் சட்டம் 2023ஐக் கொண்டுவந்தார்கள். டிசம்பர் 20 மக்களவை, மறுநாள் மாநிலங்களவை, வேலை முடிந்தது. எதிர்க்கட்சி எம்.பி.க்கள் நூறு பேருக்கு மேல் சஸ்பெண்ட் ஆகி வெளியே நின்ற நேரம் அது. யார் கேள்வி கேட்பது?

சட்டம் முழுக்க மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆள்மாறாட்டம் செய்து சிம் வாங்கினால் மூன்றாண்டு சிறை வரை போகலாம் என்பதெல்லாம் தேவைதான். எனக்கு உறுத்துவது இன்டர்நெட்டை நிறுத்த அரசுக்கு அதிகாரம் தரும் 20ஆவது பிரிவு. பொது அவசரநிலை, பொதுப் பாதுகாப்பு என்று வெள்ளைக்காரன் எழுதி வைத்த அதே காரணங்கள் அதில் அப்படியே இருக்கின்றன. தந்தியை இடைமறிக்க எழுதியதை வைத்து இத்தனை காலம் இன்டர்நெட்டை நிறுத்தினார்கள். இப்போது சேவையை நிறுத்தலாம் என்று சட்டத்திலேயே நேராக எழுதிவிட்டார்கள்.

இது காஷ்மீர் சமாச்சாரம், மணிப்பூர் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் 2018 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். 22ஆம் தேதி தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு, 13 பேர் பலி. உடனே தூத்துக்குடியோடு சேர்த்து நெல்லை, கன்னியாகுமரி மாவட்டங்களிலும் நெட் கட். வதந்தி பரவுமாம். தன் வீட்டுப் பிள்ளை எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று ஒரு குடும்பம் தேடும் நேரத்தில் செய்தியை அடைத்தால் வதந்தி குறையுமா, கூடுமா? அதிலும் நாகர்கோவில்காரர் என்ன பாவம் செய்தார்?

காஷ்மீரில் நெட்டை நிறுத்தியதை எதிர்த்துப் பத்திரிகையாளர் அனுராதா பசின் போட்ட வழக்கில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: காலவரையின்றி நிறுத்தக் கூடாது, ஆணையை வெளியிட வேண்டும், அளவுக்கு மீறக் கூடாது. அதற்குப் பிறகும் காஷ்மீரில் 4ஜி முழுமையாகத் திரும்ப 2021 பிப்ரவரி ஆனது. ராஜஸ்தானில் ஆசிரியர் தகுதித் தேர்வில் காப்பி அடிப்பதைத் தடுக்கக்கூட நெட்டை நிறுத்தினார்கள். இதுவா பொது அவசரநிலை?

2024 நவம்பரில், நெட்டை நிறுத்துவது பற்றி இந்தச் சட்டத்தின் கீழ் புது விதிகள் வந்தன. ஆணையை வெளியிட வேண்டும், காரணம் எழுத வேண்டும், ஒரு ஆணைக்கு 15 நாள் உச்சவரம்பு. சரி, நல்லது. ஆனால் அந்த ஆணையை ஆராய்வது யார்? மாநிலத்தில் ஆணை போடுபவர் உள்துறைச் செயலர். அது சரியா என்று பார்க்கும் குழுவில் தலைமைச் செயலர், சட்டத்துறைச் செயலர், இன்னொரு செயலர். எல்லாரும் ஒரே அரசின் அதிகாரிகள். மாமியார் உடைத்தால் மண்குடம் கதைதான். ஓய்வுபெற்ற நீதிபதிகள் போன்ற வெளியாட்களையும் சேருங்கள் என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2021லேயே சொன்னது. எங்கே எத்தனை முறை நெட் நிறுத்தப்பட்டது என்ற பதிவேடே மத்திய அரசிடம் இல்லை என்றும் அதே அறிக்கை சொன்னது. (டிஜிட்டல் இந்தியாவில்தான் இது!)

டீக்கடை வரைக்கும் ஜிபே ஆகிவிட்டது. ஒரு நாள் நெட் இல்லையென்றால் அன்றைய வியாபாரம் போச்சு, டெலிவரி ஓட்டும் பையனுக்குக் கூலி போச்சு. இந்த நஷ்டத்துக்கு ஈடு கொடுப்பது பற்றி விதிகளில் பேச்சே இல்லை.

வெளியாள் இல்லாத ஆய்வுக் குழுவை நான் நம்பப்போவதில்லை. உங்கள் மாவட்டத்தில் நெட் நின்றபோது அந்த ஆணையைக் கண்ணால் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் கமெண்டில் போடுங்கள். அதில் என்ன காரணம் எழுதியிருந்தார்கள் என்று பார்ப்போம்.