ஒரு வரி மிச்சம் என்பதற்காக அல்ல

ஒரு நிரல்மொழியில் சின்னச் சின்ன மெத்தடுகளை (பெயர் சொல்லி அழைத்தால் ஒரு வேலையைச் செய்து தரும் ஆயத்தக் கட்டளைகளை) எப்போது சேர்க்கலாம்? சில வருடங்களுக்கு முன், நிறைய கோப்புப் பெயர்களின் கடைசியில் ஒட்டியிருந்த "-நகல்" என்பதை நீக்க பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு சின்ன நிரல் எழுதினேன். கடைசியிலிருந்து வெட்டும் ஆர்ஸ்ட்ரிப் மெத்தடுக்கு "-நகல்" என்று கொடுத்தேன். "கணக்கு-நகல்" அழகாக "கணக்கு" ஆனது. "வரவு-நகல்" "வரவு" ஆனது. சரி என்று எல்லாவற்றுக்கும் ஓட்டிவிட்டேன். "பகல்-நகல்" வெறும் "ப" ஆகியிருந்தது. "கடிதம்-நகல்" புள்ளியை இழந்து "கடிதம" என்று நின்றது.

அந்த மெத்தட் நாம் கொடுப்பதை ஒரு சொல்லாக எடுத்துக்கொள்வதில்லை, குறிகளின் தொகுப்பாக எடுத்துக்கொள்கிறது. கணினியில் எழுத்துகளுக்கான பொது எண்முறையான யூனிகோடில் புள்ளியும் ஒரு தனிக் குறிதான். தொகுப்பில் இருக்கும் எந்தக் குறி வந்தாலும் கடைசியிலிருந்து தின்றுகொண்டே போகும். ஆவணத்தில் இது தெளிவாகவே இருக்கிறது. ஆனாலும் என்னைப் போல விழுந்தவர்கள் ஏராளம்.

2020-ல் வந்த பைத்தான் 3.9-ல்தான் முன்னொட்டை நீக்கும் ரிமூவ்பிரிஃபிக்ஸ், பின்னொட்டை நீக்கும் ரிமூவ்சஃபிக்ஸ் இரண்டும் சேர்ந்தன. இப்படி எதைச் சேர்க்கப் போனாலும் ஒரு எதிர்ப்பு வரும்: "எண்ட்ஸ்வித் வைத்து அந்த ஒட்டில் முடிகிறதா என்று பார்த்து, கடைசியில் ஒட்டின் நீளத்தை வெட்டினால் போயிற்று, இதற்கு எதற்கு ஒரு மெத்தட்?" கையால் எழுதிப் பாருங்கள். ஒட்டு வெற்று ஸ்டிரிங்காக (ஒரு எழுத்தும் இல்லாத எழுத்துச் சரமாக) வந்தால் என்ன ஆகும்? எந்த ஸ்டிரிங்கும் வெற்று ஸ்டிரிங்கில் முடிவதாகத்தான் கணக்கு, அதனால் சோதனை தேறிவிடும். அப்புறம், கடைசியில் ஒட்டின் நீளத்தை விட்டு வெட்டச் சொல்லும் "மைனஸ் 0 வரை" என்பது "0 வரை" ஆகி, முழு ஸ்டிரிங்கும் காலி. பிழைச் செய்திகூட வராது.

வரியை மிச்சப்படுத்துகிறது என்ற வாதம் எனக்குப் போதாது. கையால் எழுதுகிறவர்கள் அதைத் தப்பாக எழுதுகிறார்களா என்பதுதான் என் கேள்வி. 2022-ல் கோ என்ற நிரல்மொழியின் 1.18 பதிப்பில் வந்த கட் என்ற மெத்தட் எனக்கு மிகவும் பிடித்தது அதனால்தான். "பெயர்=மதிப்பு" போன்ற ஒன்றைச் சமக்குறியில் பிரித்து முன்பாதி, பின்பாதி, குறி கிடைத்ததா இல்லையா என மூன்றையும் தருகிறது. "பெயர்=" என்பதும் "பெயர்" என்பதும் ஒன்றல்ல என்பதை அந்த மூன்றாவது விடை நினைவூட்டுகிறது.

பெயர் வைப்பதில் அவசரமே கூடாது. ஜாவாஸ்கிரிப்டில் ரீப்ளேஸுக்கு ஒரு ஸ்டிரிங்கைக் கொடுத்தால் முதலில் வருவதை மட்டும்தான் மாற்றும். எல்லாவற்றையும் மாற்றும் ரீப்ளேஸ்ஆல் 2021-ல்தான் தரநிலைக்குள் வந்தது. ஜாவாவில் இரு ஓரங்களிலும் உள்ள இடைவெளிகளை நீக்கும் பழைய டிரிம்முக்கு யூனிகோடின் எல்லா இடைவெளிகளும் தெரியாது. 2018-ல் ஜாவா 11-ல் அதே வேலைக்கு ஸ்ட்ரிப் வந்தது. பழையதை நம்பி எழுதிய கோட் உலகம் முழுக்க ஓடுகிறது, எடுக்கவும் முடியாது. புதிதாக வருகிற ஒவ்வொருவரும் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுத்தான் ஆகவேண்டும்.

இதே அளவுகோலில் எனக்கு ஒரு ஆசை உண்டு. "முதல் எழுத்தைக் கொடு" என்று ஒரு மெத்தட் கேட்டால் பலர் சிரிப்பார்கள். 0-வது இடத்தை (நிரலில் எண்ணிக்கை 0-வில் தொடங்கும்) எடுத்தால் ஆயிற்று என்பார்கள். "கிளி"யில் அப்படி எடுத்துப் பாருங்கள், "க" வரும். ஸ்விஃப்ட் என்ற நிரல்மொழியில் ஃபர்ஸ்ட் என்று கேட்டால் "கி" என்றே கிடைக்கிறது. பைத்தான் ஸ்டிரிங்கில் அதற்கென்று ஒரு மெத்தட் இல்லை.