சங்கத்தை மட்டும் குறை சொன்னால் எப்படி?
அமெரிக்கக் கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) சரிந்ததற்குத் தொழிற்சங்கம்தான் காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். 1998-இல் அதன் ஃப்ளின்ட் நகர ஆலைகளில் நடந்த வேலைநிறுத்தம் 54 நாள் நீடித்தது உண்மை. இரண்டே ஆலைகள் நின்றதில் வட அமெரிக்க உற்பத்தி ஏறக்குறைய முழுவதும் முடங்கியது. ஆனால் உதிரிபாகப் பிரிவுகளின் கதையையும் சொல்லியிருக்க வேண்டாமா?

ஜிஎம்மின் 1912 காடிலாக் காரில் வந்த செல்ஃப் ஸ்டார்ட்டர் (எஞ்சினை மின்சாரத்தால் கிளப்பும் கருவி), டெய்டன் நகரில் பொறியாளர் கெட்டரிங்கின் டெல்கோ நிறுவனம் செய்தது. (அதற்கு முன் கைப்பிடியைச் சுற்றிக் கையை முறித்துக்கொண்டவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்!) அந்த டெல்கோ, சாகினா ஸ்டீரிங், ஹாரிசன் ரேடியேட்டர், பேக்கர்ட் எலக்ட்ரிக் என்ற ஜிஎம் உதிரிபாகப் பிரிவுகளின் வாரிசுகளையெல்லாம் மூட்டை கட்டி 1999-இல் டெல்ஃபை என்று தனிக்குடித்தனம் வைத்தார்கள். பெரிய வாடிக்கையாளர் அதே ஜிஎம், விலையைக் குறை என்று நெருக்கியதும் அவர்களே. கூலியோ பழைய ஜிஎம் கணக்கு. எப்படித் தாங்கும்? 2005 அக்டோபரில் திவால் மனு. 2009 ஜூன் 1-இல் தாய் நிறுவனமும் அதே வாசலில்.

டெல்ஃபையில் இருந்த வாகனத் தொழிலாளர் சங்கத்தினரின் ஓய்வூதியத்தில் விழுந்த துண்டை ஜிஎம் ஈடுகட்டியது. சங்கமில்லாத மாதச் சம்பளக்காரர்களுக்கு அது இல்லை. அரசுக் காப்பீட்டு அமைப்பு கொடுத்த குறைந்த தொகைதான் பலருக்கு மிஞ்சியது. கட்டுரையில் இதைப் பற்றி மூச்சே இல்லை.