கொலையாளியின் பெயரை ஏன் சொன்னீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை நம் வாசகர் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு விஷயம் தெரியும். வராதவர்களும் இந்நேரம் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் வாயைத் திறக்காமல்தான் இருந்தேன். "இதெல்லாம் ஒரு பிரச்சினையா?" என்று இன்று காலை நம் ஆட்களே எழுத ஆரம்பித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

கூட்டத்தில் அன்று பேசிய பெண் கல்லூரியில் படிக்கிறவள். ஆங்கிலத் துப்பறியும் எழுத்தாளர் அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' நாவலில் பாதிவரை வந்திருந்தாள். யார் யார்மேல் சந்தேகம் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்து படித்தாள். பட்லர் பார்க்கர் ஏன் கதவுப் பக்கமே சுற்றுகிறான், ரால்ஃப் பேட்டன் ஏன் தலைமறைவானான், கொலை நடந்த அறையில் அந்த நாற்காலியை யார் நகர்த்தினார்கள் என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாமே சரியான கேள்விகள். பாதியில் நம் மூத்த வாசகர் குறுக்கிட்டு, "அட, அது இன்னார்தாம்மா" என்று பெயரைச் சொல்லிவிட்டார். நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் நோட்டை மூடிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஏன் சொன்னீர்கள் ஐயா? இது ஒன்றுதான் என் கேள்வி.

"நூறு வருஷப் பழைய நாவல், இன்னுமா ரகசியம்?" என்று கேட்கிறார்கள். நாவல் 1926-இல் வந்தது, சரி. அவள் அதைக் கையில் எடுத்தது போன வாரம். அவளுக்கு அந்தக் கொலை போன வாரம்தான் நடந்தது. நாம் முன்னாடியே படித்துவிட்டோம் என்பதற்காக அவள் படிக்கப்போகும் கடைசி அத்தியாயம் நம் சொத்தாகிவிடாது.

இந்த நாவலுக்குக் கிடைத்த எதிர்வினைகளின் கதை தெரிந்தவர்கள் அப்படிச் செய்யவே மாட்டார்கள். 1925-இல் லண்டன் 'ஈவ்னிங் நியூஸ்' பத்திரிகையில் தொடராக வந்து, அடுத்த வருஷம் புத்தகமானது. முடிவைப் படித்துவிட்டுக் கொதித்துப் போனவர்கள் நிறையப் பேர். இது ஏமாற்று வேலை, ஆட்ட விதியை மீறிவிட்டார் என்றார்கள். இன்னொரு துப்பறியும் எழுத்தாளரான டோரதி சேயர்ஸ், கிறிஸ்டி பக்கம் நின்றார். எல்லோரையும் சந்தேகப்பட வேண்டியது வாசகரின் வேலை, எழுத்தாளரைக் குறை சொல்லாதீர்கள் என்பது அவர் வாதம். கிறிஸ்டியும் தன் சுயசரிதையில் இதற்குப் பதில் எழுதியிருக்கிறார்: கவனமாகப் படித்துப் பாருங்கள், நான் எங்கேயும் ஏமாற்றவில்லை. உண்மைதான். ஓர் இடத்தில் பத்து நிமிடம் கடந்து போகும். சாதாரணமான இரண்டு மூன்று வரி. முதல்முறை படிக்கும்போது கண் எங்கேயும் நிற்காது. முடிவு தெரிந்தபின் அந்தப் பக்கத்துக்குத் திரும்பி வந்தால் வயிற்றைக் கலக்கும். எந்தப் பக்கம் என்று சொல்லமாட்டேன்.

கோபப்படுவதோ கொண்டாடுவதோ, அந்த உரிமை முழுசாகப் படித்தவருக்கு உண்டு. அவளுக்கு இப்போது இரண்டுமே இல்லை. அதிர்ச்சியும் இல்லை, அதை வைத்துச் சண்டை போடும் வாய்ப்பும் இல்லை.

"நல்ல நாவல் என்றால் முடிவு தெரிந்தும் ரசிக்கலாமே" என்பவர்களுக்கு: ரசிக்கலாம். நானே இதைத் திரும்பத் திரும்பப் படிக்கிறவன்தான். இதில் வரும் டாக்டர் ஷெப்பர்டின் அக்கா கரோலின் வீட்டைவிட்டு வெளியே வராமலேயே ஊர் வம்பு அத்தனையையும் காலைச் சாப்பாட்டுக்குள் சேகரித்துவிடுவார். அதற்காகவே படிப்பேன். ஆனால் இரண்டாம் வாசிப்பு வேண்டுமென்றால் முதல் வாசிப்பு ஒன்று நடந்திருக்க வேண்டும். அதைத்தானே பிடுங்கிக்கொண்டீர்கள்?

ஓர் அண்ணன் ஆராய்ச்சியையே எடுத்து வந்து போட்டிருக்கிறார். 2011-இல் கலிபோர்னியாவில் நடந்த ஆய்வு, முடிவை முன்கூட்டித் தெரிந்துகொண்டவர்களே கதையை அதிகம் ரசித்தார்களாம். நானும் அதைப் பற்றிப் படித்திருக்கிறேன். அங்கே கொடுத்தவை சிறுகதைகள். ஒரே மூச்சில் வாசித்து மதிப்பெண் போட்டவர்கள் அவர்கள். ராத்திரி தூக்கத்தை விட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே படித்து, நோட்டுப் போட்டு யோசித்தவளோடு அவர்களை எப்படி ஒப்பிடுவீர்கள்?

எங்கள் அம்மா ஆறாம் வகுப்போடு பள்ளியை நிறுத்தியவர். பக்கத்துத் தெரு லெண்டிங் லைப்ரரியிலிருந்து மாத நாவல்களாக எடுத்து வந்து, அடுப்படி வேலை முடிந்ததும் வாசல்படியில் உட்கார்ந்து படிப்பார். சில புத்தகங்களில் யாரோ ஒரு புண்ணியவான் முதல் பக்கத்திலேயே பேனாவால் "கொலை செஞ்சது தம்பிக்காரன்தான்" என்று எழுதி வைத்திருப்பான். ஒருமுறை அப்படிப் பார்த்ததும் அம்மா முகம் வாடிவிட்டது. நாவலைப் படிக்கவில்லை. என் பேனாவை வாங்கி அந்த வரிமேல் அடித்துக்கொண்டே இருந்தார். தாள் கிழிந்து அடுத்த பக்கத்தில் மை இறங்கும்வரை அடித்தார். "அடுத்து எடுக்குறவளாவது நிம்மதியாப் படிக்கட்டும்" என்றார். லைப்ரரிக்காரர் கிழிசலுக்கு அபராதம் கேட்டார், கொடுத்துவிட்டு வந்தார். அம்மா இலக்கியக் கூட்டம் எதற்கும் போனவர் இல்லை.

லண்டனில் 1952 முதல் 'தி மௌஸ்ட்ராப்' நாடகம் நடக்கிறது, அதுவும் கிறிஸ்டி எழுதியதுதான். கொரோனாவுக்காக நிறுத்தியதைத் தவிர இன்றுவரை ஓடுகிறது. நாடகம் முடிந்ததும் நடிகர் ஒருவர் மேடையில் நின்று, கொலையாளி யாரென்று வெளியே போய்ச் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்வார். விக்கிபீடியாவில் முடிவைப் போட்டதற்கு 2010-இல் கிறிஸ்டியின் பேரன் வருத்தப்பட்டார். அத்தனை வருஷம் கழித்தும் நாளைக்கு டிக்கெட் வாங்கி வருகிறவரை நினைக்கிறார்கள். முப்பது பேர் உட்கார்ந்த ஓர் அறையில் நம்மால் ஒருத்தியை நினைக்க முடியவில்லையா?

உண்மையில் எனக்கு வலிப்பது அந்தச் சிரிப்புதான். போன கூட்டத்தில் ஒருவர் ரஷ்ய நாவல் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். அத்தனை பேரும் கைகட்டிக் கேட்டோம், யாரும் குறுக்கே புகவில்லை. இவள் பேசியது துப்பறியும் கதை, அதனால் யார் வேண்டுமானாலும் புகலாம். அப்படித்தானே? 1945-இல் அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன் 'நியூயார்க்கர்' இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பே, ரோஜர் அக்ராய்டை யார் கொன்றால் யாருக்கென்ன என்பதுதான். அதற்கு முன்பு இந்த வகைக் கதைகளை அவர் மட்டம் தட்டியபோது வாசகர்கள் கடிதம் கடிதமாக எழுதிச் சண்டை போட்டிருந்தார்கள். 2013-இல் பிரிட்டனின் குற்றப்புனைவு எழுத்தாளர்கள் வாக்களித்து, இதுவரை வந்த குற்ற நாவல்களிலேயே சிறந்தது என்று இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். யாருக்கென்ன என்று அவர்கள் நினைக்கவில்லை. என் அம்மாவும் நினைக்கவில்லை.

"அவளே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, உனக்கென்ன?" என்றும் ஒருவர் கேட்டார். முப்பது பேர் முன்னால், எல்லோரும் தன்னைவிட மூத்தவர்கள் என்றிருக்கும்போது அந்த வயதில் வேறென்ன செய்வாள்? அன்று டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டாள். நீங்கள் கவனிக்கவில்லை.

ஐயாவின் வாசிப்பின்மேல் எனக்கு மரியாதை உண்டு. நான் படித்த பாதிப் புத்தகங்கள் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் அவளிடம் ஒரு வார்த்தை பேசினால் போதும், எனக்கு விளக்கம் எதுவும் வேண்டாம். தங்கச்சி, இதைப் படிக்கிறாய் என்றால், கிறிஸ்டியின் 'அண்ட் தென் தேர் வேர் நன்' என்னிடம் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள். 1939-இல் வந்தது, அதன் முடிவை இன்னும் யாரும் உன்னிடம் சொல்லவில்லை என்று நம்புகிறேன். அடுத்த கூட்டம்வரை யாரிடமும் அதைப் பற்றிப் பேச்சுக் கொடுக்காதே.

கமெண்டில் இரண்டு நாவல்களில் எதன் கொலையாளி பெயரைப் போட்டாலும் உடனே நீக்கிவிடுவேன். பழகியவர் என்றெல்லாம் பார்க்கமாட்டேன்.