டெபாசிட் போனாலும் பூத்துக்குப் போகிறவர்கள்

தேர்தல் முடிவு வந்த மறுநாள், ஜெயித்த கட்சிக்காரர் சால்வையோடு சென்னைக்கு ரயில் ஏறுவார். தோற்ற பெரிய கட்சிக்காரர், உள்ளடி வேலை பார்த்தது யார் என்று கணக்கெடுப்பார். பதவியோ கூலியோ எதிர்பாராமல் வெயிலில் அலைந்த தன்னார்வலரை மட்டும் யாரும் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்வதில்லை. நேற்றுவரை நிமிடத்துக்கு ஒரு செய்தி வந்த வாட்ஸ்அப் குழுவில், ஒருவர் காலை வணக்கப் படம் போடுவார். அதற்கும் பதில் வராது. தோல்வியால்தான் நம்பிக்கை போகிறது என்கிறார்கள். தோல்வியைப் பலரும் தாங்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பின் வரும் அந்த மௌனத்தைத் தாங்கியவர்கள் குறைவு.

நான் கடலூர் மாவட்டத்தில் ஒரு தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். தேர்தல் வந்தால் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, ஒரு சிறிய கட்சிக்காகத் துண்டறிக்கை கொடுக்கவும் பூத்தில் ஏஜென்டாக உட்காரவும் போவேன். எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பாதிப் பேர் இந்த வரியோடு கிளம்பிவிடுவீர்கள். சட்டமன்றத் தேர்தலில் பொதுப் பிரிவு வேட்பாளர் 10,000 ரூபாய் டெபாசிட் கட்ட வேண்டும். செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் அது திரும்பி வரும். எங்கள் வேட்பாளர்களுக்கு அது திரும்பி வந்ததில்லை. இதற்குமேல் என் அரசியல் செல்வாக்கைப் பற்றி விளக்கத் தேவையில்லை.

இதை எழுதக் காரணம் என் அக்கா மகள். கல்லூரியில் படிக்கிறாள். முதல் முறையாக என்னோடு பிரசாரத்துக்கு வந்து, தொண்டை கட்டும்வரை கத்தி, முடிவு வந்த அன்று சாப்பிடாமல் படுத்துவிட்டாள். “தோற்போம் என்று உங்களுக்கு முன்பே தெரியும்தானே சித்தி? தெரிந்துமா என்னைக் கூட்டிக்கொண்டு போனீர்கள்?” என்று கேட்டாள். தெரியும்தான். அவளுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். அவளுடைய தோழிகளும் இனி அரசியல் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று சபதம் எடுத்திருக்கிறார்களாம்.

ஜெயிப்போம் என்ற நிச்சயம் வேறு, நம்பிக்கை வேறு. ஒவ்வொரு பிரசாரத்திலும் “நம் அலை வீசுகிறது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லும் ஒருவர் இருப்பார். கூட்டத்துக்கு உற்சாகம் ஊட்டுவது அவர்தான். அடுத்த தேர்தலில் ஆளைக் காணாமல் போவதும் அவர்தான். கருத்துக்கணிப்பை மணிக்கொரு தரம் பார்க்கிறவர்களும் அப்படியே. எந்த வீட்டில் எத்தனை வாக்கு, யார் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கிறார், எந்தப் பெரியவரைக் கைத்தாங்கலாக அழைத்து வர வேண்டும் என்று கையில் பட்டியலோடு சுற்றும் ஆள் அலையைப் பற்றிப் பேசமாட்டார். அவர்தான் அடுத்த முறையும் வருவார்.

உற்சாகமூட்ட நினைப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் எண்கள் சில உண்டு. 2004இல் கர்நாடகத்தின் சாந்தேமரஹள்ளியில் ஒரே ஒரு வாக்கில் முடிவு மாறியது. 2008இல் ராஜஸ்தானின் நாத்துவாராவில் சி.பி. ஜோஷி ஒரு வாக்கில் தோற்றார். நம் ஊரில் 2016இல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49. 2021இல் தியாகராய நகரில் 137. எல்லாம் உண்மைதான். ஆனால் பல்லாயிரம் வாக்குகளில் தோற்கும் எங்களைப் போன்றவர்களிடம் இதைச் சொல்வது, சோறு இல்லாதவனிடம் கல்யாண விருந்தில் பாயசம் தீர்ந்துபோனதைச் சொல்வதுபோல் இருக்கிறது. ஒரு வாக்கு முடிவை மாற்றிவிடும் என்று நம்பி வருகிறவர், தன் ஒரு வாக்கு எதையும் மாற்றவில்லை என்று கண்டதும் திரும்பிப் போய்விடுவார்.

அந்த வரிசையில் நான் மனத்தில் வைத்திருப்பது ஒன்றுதான்: எங்கள் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில். 2016இல் தொல். திருமாவளவன் அங்கே 87 வாக்குகளில் தோற்றார். அந்த 87 எங்கே போனது என்று இந்தப் பக்கத்து டீக்கடைகளில் மாதக்கணக்கில் பேசினார்கள். என்னை ஈர்ப்பது அதற்குப் பிறகு நடந்ததுதான். 2019இல், காட்டுமன்னார்கோயிலையும் உள்ளடக்கிய சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் அவர் 3,219 வாக்குகளில் ஜெயித்தார். அன்று வாக்கு எண்ணிக்கை இரவுவரை இழுத்தது. 2021 சட்டமன்றத் தேர்தலில் காட்டுமன்னார்கோயிலும் அவருடைய விடுதலைச் சிறுத்தைகள் கட்சிக்கு வந்தது. அவருடைய அரசியல் உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். 87இல் தோற்ற களைப்போடு அதே தெருக்களுக்கு மறுபடி போனவர்கள் யார் என்பதுதான் என் கேள்வி. அவர்கள் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை.

பெரிய கட்சிகளின் கதையும் இப்படித்தான் தொடங்கியது. 1949இல் தொடங்கிய தி.மு.க. 1957இல் முதன்முதலாகத் தேர்தலில் நின்று 15 இடம் பிடித்தது. 1962இல் 50 இடம் வந்தபோது அண்ணாவே காஞ்சிபுரத்தில் தோற்றுப்போனார். ஆட்சி வந்தது 1967இல். அதே 1967இல் காமராசர் விருதுநகரில் தோற்றார். 1969இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் ஜெயித்து மக்களவைக்குப் போனார். கட்சி அலுவலகங்களில் மாட்டியிருக்கும் படங்களில் தோற்காதவர் முகத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

என் அக்கா மகளிடம் நான் முதலில் நீட்டியது ஒரு தாள். தேர்தல் முடிந்த பிறகு, எந்தச் சாவடியில் எந்த வேட்பாளருக்கு எத்தனை வாக்கு என்று படிவம் 20இல் வெளியிடுகிறார்கள். தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கும். தொலைக்காட்சியில் தொகுதிக்கு ஒரு வரி ஓடிவிட்டுப் போகும். இதில் நம் தெருவின் மனம் எண்ணாக இருக்கிறது. ஜெராக்ஸ் கடைக்காரி என்பதால் அச்சுச் செலவு எனக்குப் பெரிதில்லை. எங்கள் தொகுதிப் பக்கங்களை எடுத்து, அடிக்கோல் வைத்து, நாங்கள் வீடு வீடாக ஏறி இறங்கிய சாவடிகளைப் பச்சையிலும், ஆட்டோவில் மைக் வைத்துக் கத்திவிட்டுப் போன சாவடிகளைச் சிவப்பிலும் குறித்தேன். சிவப்பில் எங்கள் சின்னத்துக்கு விழுந்தது நோட்டாவோடு போட்டி போடும் அளவு. பச்சையில் அதைப்போல் நாலைந்து மடங்கு. ஒரு சாவடியில் மூன்றாம் இடம். அவள் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துவிட்டு, “இந்தச் சாவடியில்தான் அந்த நாய் துரத்தியது” என்றாள். பிறகு தானே பென்சிலை எடுத்து, அடுத்து எந்தத் தெரு என்று குறிக்கத் தொடங்கினாள்.

இந்தக் கணக்கைக் கட்சித் தலைமைக்கும் அனுப்பினேன். பதில் இல்லை. தெருவில் நடந்த வேலைக்கு என்ன பலன் என்று தலைமை வந்து சொல்லும் எனக் காத்திருந்தால் நரைத்துவிடும். நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, எல்லாரும் கேட்கும் காசு. 2009 ஜனவரி திருமங்கலம் இடைத்தேர்தல், வாக்குக்குக் காசு கொடுக்கும் ஒரு சூத்திரமாகவே பெயர் வாங்கிவிட்டது. 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகரிலும், 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் பண விநியோகப் புகாரால் தேர்தலே நிறுத்தப்பட்டது. “அவன் ஐந்நூறு கொடுக்கும்போது நீ துண்டறிக்கை கொடுத்து என்ன ஆகப்போகிறது” என்று கேட்பவரிடம் இல்லை என்று சாதிக்க முடியாது.

பட்டுவாடா முடிந்த மறுநாள் காலை ஒரு தெருவுக்குள் நுழைவது தனி அனுபவம். நேற்று மோர் கொடுத்த வீட்டில் இன்று கதவு சாத்தியிருக்கும். குழாயடியில் பேச்சு சட்டென்று நிற்கும். அப்படியொரு காலையில் ஒரு ஆயா திண்ணையிலிருந்து என்னைக் கூப்பிட்டது. “ரெண்டு பேரும் கொடுத்தார்கள், வாங்கி அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன். நீ ஒன்றும் கொடுக்கவில்லை. ஆனாலும் மறுபடி மறுபடி வந்து நிற்கிறாய். உனக்கு இதில் என்ன வரும்படி?” என்று கேட்டது. கேலி செய்யவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியது. அவர்கள் தெருவின் வடிகால் பிரச்சினையைச் சொல்லி, அதற்காக நாங்கள் மனு கொடுத்த ரசீதைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ரசீதின் தேதியைப் பேரனை வாசிக்கச் சொன்னது. யாருக்கு வாக்களித்தது என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் கூடாது. ஆனால் பணத்தை வாங்கியவர்கள் எல்லாரும் மனத்தையும் விற்றுவிட்டார்கள் என்று பேசுவதை அன்றோடு விட்டேன். அப்படிப் பேசும் தன்னார்வலர் மக்கள்மேல் எரிச்சலாகிவிடுவார். எரிச்சலோடு கதவைத் தட்டுபவருக்கு யாரும் வாக்குப் போடமாட்டார்கள்.

சின்னம் இன்னொரு தலைவலி. அங்கீகாரம் இல்லாத கட்சிக்குச் சின்னம் எது என்று கடைசி நேரத்தில்தான் உறுதியாகும். 2024 மக்களவைத் தேர்தலில் வேட்புமனுக்களைத் திரும்பப் பெறும் கடைசி நாள் மார்ச் 30. வாக்குப்பதிவு ஏப்ரல் 19. அந்தத் தேர்தலில்தான் நாம் தமிழர் கட்சி கரும்பு விவசாயி சின்னத்தை இழந்து மைக் சின்னத்துக்கு மாறியது. பழைய சின்னத்தைச் சுவரில் வரைந்தவர்கள் நிலைமையை யோசித்துப் பாருங்கள். சுண்ணாம்பு அடித்துவிட்டு மறுபடி வரைய வேண்டியதுதான்.

எனக்கே தெம்பு குறைந்திருந்த ஒரு காலத்தில் அதைத் திரும்பக் கொடுத்தது, பிரசாரமே இல்லாத ஒரு வேலை. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. படிவத்தை நிரப்ப, 2002 பட்டியலில் தன் பெயரோ பெற்றோர் பெயரோ எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருக்கிறது என்று தேட வேண்டும். கல்யாணமாகி வேறு மாவட்டத்திலிருந்து வந்த பெண்கள் என் கடை வாசலில் வரிசை கட்டினார்கள். அப்பா பெயரை ஒரு பட்டியலில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் எழுதியிருப்பார்கள். ஒரு கட்டத்தில் எதிரெதிர் கட்சிகளின் முகவர்கள் என் கடை பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் கைபேசியில் தேட, இன்னொருவர் எழுத, மூன்றாமவர் புகைப்படம் ஒட்டினார். தேர்தல் நேரத்தில் சுவருக்காகச் சண்டை போட்டவர்கள் அவர்கள். டிசம்பர் 19இல் வந்த வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுவதும் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர், இடம்பெயர்ந்தவர், இரட்டைப் பதிவு என்று காரணங்கள் சொன்னார்கள். உயிரோடு இருப்பவர் தாலுகா அலுவலகத்தில் வந்து நிற்கும்போது, அவருக்குப் பெயர் சேர்க்கும் படிவம் 6 எழுதிக் கொடுப்பதற்கு ஈடான பிரசாரம் கிடையாது. அங்கே சின்னம் தேவையில்லை, கொடி தேவையில்லை. அந்த வேலைக்குத் தோல்வி என்றும் ஒன்று இல்லை.

இதைவிடக் கடினமான இடங்களிலும் தளராமல் மறுபடி மறுபடி போனவர்கள் உண்டு. மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவராக வென்ற முருகேசனையும் உடன் இருந்தவர்களையும் 1997 ஜூனில் வெட்டிக் கொன்றார்கள். அதே மாவட்டத்தில் பாப்பாபட்டியும் கீரிப்பட்டியும் நாட்டார்மங்கலமும், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தலும் பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டதை ஆதிக்க சாதியினர் எதிர்த்ததால், 1996 முதல் பத்தாண்டுகள் அங்கே தலைவர் என்று ஒருவர் நிலைக்க முடியவில்லை. ஒன்று, மனுவே வராது. அல்லது ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்வார். தேர்தல் அறிவிப்பு வரும், வீணாகும், மறுபடி வரும். 2006 அக்டோபரில்தான் அது உடைந்தது. மாவட்ட நிர்வாகமும் அரசும் அரசியல் கட்சிகளும் இயக்கங்களும் சேர்ந்து முயன்றதால் நடந்தது. அந்தப் பத்து ஆண்டுகளில் ஒவ்வொரு அறிவிப்பின்போதும் “இந்த முறை நடக்கலாம்” என்று பேச்சுவார்த்தைக்குப் போனவர்களைப் பார்த்து ஊரே சிரித்திருக்கும். டெபாசிட் போனதற்கு அழுகிற எனக்கு அவர்களை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, அக்கா மகள் இரோம் சர்மிளாவை எடுத்து நீட்டினாள். ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டத்தை எதிர்த்து 16 ஆண்டுகள் உண்ணாவிரதம் இருந்தவர். 2017இல் மணிப்பூரின் தௌபால் தொகுதியில் முதலமைச்சரை எதிர்த்து நின்று 90 வாக்குகள் பெற்றார். நோட்டாவுக்கு அதைவிட அதிகம் விழுந்தது. “இதற்கு என்ன சொல்கிறீர்கள்?” என்றாள். சமாதானம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தியாகத்தை மதிப்பதும் வாக்குப் போடுவதும் மக்களுக்கு இரண்டு வேறு காரியங்கள் என்பது ஒன்று. சில மாத வயதுக் கட்சி, மூன்றே வேட்பாளர்கள், சைக்கிளில் பிரசாரம். வாக்காளர் பட்டியலோடு தெருத்தெருவாகப் போக ஆட்கள் எத்தனை பேர் இருந்திருக்க முடியும் என்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்தாலும் அந்த 90 வலிக்கத்தான் செய்கிறது. வலிக்காமல் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் பிள்ளைகளிடம் கறாராகச் சொல்லியிருக்கிறேன். தோற்றதற்காகக் கட்சியை விட்டுப் போகாதீர்கள். கட்சி நம்மையே பணக் கவர் எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போகச் சொன்னால், சாதி பார்த்துத் தெரு பிரிக்கச் சொன்னால், அன்றே போய்விடுங்கள். சம்பளம் வாங்காதவருக்கு இருக்கும் ஒரே சொத்து, எழுந்து போகும் உரிமை.

எங்கள் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. உள்ளாட்சித் தேர்தலை எப்போது வைத்தாலும் வார்டுக்குச் சில நூறு வாக்குகள்தான், நடந்தே முடித்துவிடலாம். அக்கா மகளின் பச்சைத் தெருக்கள் தயாராக இருக்கின்றன. தோழிகளில் இரண்டு பேர் சபதத்தை வாபஸ் வாங்கியிருக்கிறார்கள். இன்னும் நாலைந்து பேர் தேவை, எந்தக் கட்சி ஆனாலும் சரி, முதலில் விட்டுப்போன பெயர்களைச் சேர்க்கும் வேலை. ஞாயிறு காலை கடை திறந்திருக்கும். படிவம் நிரப்பத் தெரிந்தவர்கள் வாருங்கள். டீ உண்டு, பிரியாணி கிடையாது.